சகலைக்கு ஊற்றிய டீசல்

டின்காரர் தன் சகலைக்கு மூன்று லட்சம் கடன்பட்டிருந்தார். பிக்கப் வண்டி வாங்குவதற்காக வாங்கிய கைமாற்று. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கெடுவும் கிடையாது. வினையே அங்கேதான். வட்டிக்கு வாங்கிய கடனென்றால் மாதம் பிறந்ததும் முகத்தில் விட்டெறிந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்துவிடலாம். பெருந்தன்மையாகக் கொடுத்த கடன் தொண்டையில் மாட்டிய மீன்முள். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. கொடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவா மெதுவா என்று முதுகைத் தடவிக் கொடுப்பான். அந்தத் தடவலுக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவளைக் கட்டியவர் டின்காரர். இளையவளைக் கட்டியவனுக்குப் பைலட் என்று பெயர். விமானம் ஓட்டுகிறவன் இல்லை. ஜீப் வரிசையில் முதல் வண்டியை ஓட்டுகிறவன். பணம் படைத்தவர்களைப் பொட்டல்வெளிக்கு ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டும் கம்பெனி ஒன்று அந்த ஊரில் இருந்தது. ஊர் முடிகிற இடத்தில் கடைசிப் பெட்ரோல் பங்க். அதைத் தாண்டினால் மணலும் கல்லும் காய்ந்த ஆறும்தான். சுற்றிக்கொண்டு திரும்பி வர ஒரு வாரம் ஆகும். வழியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடைக்காது. அதனால் முன்னால் பைலட் போவான், நடுவில் விருந்தாளிகளின் ஜீப்புகள் போகும், எல்லாருடைய புழுதியையும் தின்றுகொண்டு கடைசியில் டின்காரரின் பிக்கப் போகும். அதில்தான் எல்லாருக்குமான டீசல் இருக்கும்.

அந்த இடத்துக்கு அவர் சும்மா வந்துவிடவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பங்க் வாசலில் பழைய தகர டின்னில் டீசல் பிடித்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நின்றுபோன லாரிகளைத் தேடிப் போய் ஊற்றிப் பிழைத்தவர். பெயர் அப்போது ஒட்டியதுதான். சைக்கிளிலிருந்து மூன்று சக்கரம், மூன்று சக்கரத்திலிருந்து பிக்கப் என்று ஒவ்வொரு சக்கரமாகச் சம்பாதித்த மனிதர். நாலாவது சக்கரத்துக்குத்தான் சகலையிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எண்ணெய் கொண்டுபோவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இது வெறும் புகழ்ச்சி இல்லை. கேனைக் கழுத்துவரை நிரப்பமாட்டார். நாலு விரல் இடம் விடுவார், வெயில் ஏறினால் டீசலும் உப்பும். கூரைமேல் ஏற்றவிடமாட்டார், தலைக்கனம் பிடித்த வண்டி சரிவில் கவிழும், மனிதனும் அப்படித்தான். பீப்பாய்க்கு அடியில் பழைய டயர் போட்டு, இரண்டுக்கும் நடுவில் சாக்கு செருகி, முறுக்கிக் கட்டுவார். இரண்டு கேனில் பாதிப் பாதி எடுக்காமல் ஒன்றை ஒட்டக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார். அரைக் கேன் குலுங்கும், குலுங்கினால் கட்டு தளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற வழி அடைத்துக்கொண்டால் வந்த வழியே திரும்ப எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அதைத் தனியாக எடுத்து வைப்பார். அந்தக் கேனைச் சாகக் கிடந்தாலும் தொடக் கூடாது என்பது அவர் சட்டம்.

இத்தனை செய்தும் பெயர் யாருக்கு? பைலட்டுக்கு. மணல்மேட்டில் ஜீப் ஏறி இறங்கினால் விருந்தாளிகள் கைதட்டுவது அவனுக்கு. ஜீப்பின் மூக்கில் சாய்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் பிடித்துக்கொள்வது அவனோடு. பயணம் முடிந்து பிரியும்போது அவன் சட்டைப்பையில் நோட்டை மடித்துச் செருகுவார்கள். டின்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்கள். இத்தனைக்கும் அவர் ஊற்றிய எண்ணெயில்தான் அவன் ஏறினான். அடுப்பு யாருடையதாக இருந்தால் என்ன, பரிமாறுகிற கைக்குத்தானே பேர்.

வீட்டிலும் அதே கதை. மாமியார் வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி பைலட்டுக்கு. டின்காரருக்கு வாசலோர நாற்காலி. காற்றோட்டமா இருக்கட்டும் என்று மாமியார் சொல்வார். அந்தக் காற்றோட்டம் யாருக்காக என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் டின்காரர் உடம்பில் டீசல் வாடை மிச்சம் இருக்கும். மூத்த மருமகன் அவர்தான்; ஆனால் வாசம் வீசுகிற மருமகன் அவன். சட்டை உள்ளே விடுவான், செண்டு அடிப்பான், மாமியாருக்கு மாத்திரை வாங்கி வருவான். ஒருதரம் மாமியார் அவனுக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்து, டின்காரர் அன்று முழுக்க எதிலும் வாய் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். பொய் இல்லை. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்று லட்சத்தில் இரண்டரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பைலட் எண்ணிப் பார்க்காமலேயே பைக்குள் போட்டுக்கொள்வான். என்ன அண்ணே அவசரம் என்பான். அவன் எண்ணாமல் போடுவது டின்காரருக்கு, எண்ணிப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று சொல்வதைவிட மோசமாக இருக்கும். மிச்சம் அரை லட்சம். அதையும் பெட்டியில் சேர்த்து வைத்துவிட்டார். அடுத்த மாதம் கொண்டுபோய் அவன் கையில் வைத்து, எண்ணிப் பார் என்று சொல்லி, அவன் எண்ணுகிறவரை கண்கொட்டாமல் நிற்பது என்று முடிவு செய்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் மாமியார் வீட்டில் ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பைலட் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தான். கம்பெனியின் நாலு ஜீப்புக்கும் வயிற்றுக்கு அடியில் இரண்டாவது டாங்கி வைக்கப்போகிறார்களாம். யோசனை அவனுடையதுதானாம். பழைய டாங்கியும் புது டாங்கியும் சேர்ந்தால் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றி வர டீசல் தாராளமாகப் போதுமாம். முதலாளிக்கு ஒரே சந்தோஷமாம், பின்னால் ஒரு வண்டியைக் கட்டி இழுக்க வேண்டியதில்லையே.

டின்காரர் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. பைலட் அவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"உங்களுக்கும் வயசாயிடுச்சுல்ல அண்ணே. எத்தன நாளைக்குப் புழுதி தின்பீங்க. வீட்டுல இருங்க. அந்த மிச்சப் பணத்தப் பத்தி ஒண்ணும் நினைக்காதீங்க. இருக்கும்போது குடுங்க. இல்லாட்டியும் நான் கேக்கவா போறேன்."

மாமியார், தங்கமான பிள்ளை என்றார். இளையவள் தன் அத்தானைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள். டின்காரர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். பிழைப்பைப் பிடுங்கியது ஒரு பக்கம் இருக்கட்டும். பிடுங்கிவிட்டுத் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறானே, அதுதான் ஆறவில்லை. பிழைப்பு போய்விட்டால் அந்த அரை லட்சத்தைக் கொடுத்துவிட்டு எதைத் தின்பது? கொடுக்காமல் விட்டால் ஆயுசுக்கும் வாசலோர நாற்காலி.

புது டாங்கிகள் வந்ததும் கம்பெனிக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்து உள்ளே போனார். பளபளக்கும் கறுப்புச் சாயத்தில் அவர் முகம் தெரிந்தது. ஆயுள் முழுக்கத் தோளில் சுமந்த எண்ணெயை ஒரு தகரப்பெட்டி சத்தம் போடாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறதே என்று இருந்தது. உள்ளே ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். இந்தப் பக்கம் திருகினால் பழைய டாங்கி, அந்தப் பக்கம் திருகினால் புது டாங்கி. அவ்வளவுதான் வேலை.

வெளியே வந்து, மணல் இரண்டு மடங்கு குடிக்கும், சாலைக் கணக்கு மணலுக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். சுற்றி மெக்கானிக்குகள் நின்றார்கள்.

"குடிக்கட்டும்ணே," என்றான் பைலட். "ரெண்டு டாங்கி இருக்குல்ல. ஒண்ணு மணலுக்கு, ஒண்ணு எனக்கு."

கொட்டகையே சிரித்தது. டின்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவனை நம்பக் கூடாது.

ஜீப்புகள் கிளம்பிப் போன மறுநாள் காலை, பெட்டியைத் திறந்து அந்த அரை லட்சத்தை எடுத்தார். பங்க்குக்குப் போய் இரண்டு பீப்பாய் டீசல் பிடித்தார். பிக்கப்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். சும்மா வேடிக்கை பார்க்க என்றார். இத்தனை டீசல் எதற்கு என்றாள். பிறகு அவளே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"கடன் கட்ட வச்சிருந்த காச எண்ணெயா ஊத்திட்டு வந்திருக்கீங்க."

"அவன் நடுவழியில நிப்பான்டி. நிக்கத்தான் போறான்."

"நிக்கலன்னா?"

அவர் கயிற்றை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

"நிக்கலன்னா இந்த ரெண்டு பீப்பாயையும் தலையில ஊத்திக்கப் போறீங்களா? உங்க வண்டி டீசல்ல ஓடலங்க. வயித்தெரிச்சல்ல ஓடுது. அதுக்கு எந்த பங்க்லயும் நிக்க வேணாம்."

இருந்தாலும் தண்ணீர்க் கேன் இரண்டும், மூன்று வேளைக்குச் சோறும் கட்டி முன்சீட்டில் வைத்தாள். பைலட் நின்றால் அவனுக்கும் கொடுங்கள், அவன் பசி தாங்கமாட்டான் என்றாள். இந்த வீட்டிலும் அவன் பசிதான் பெரிதாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே டின்காரர் வண்டியைக் கிளப்பினார்.

ஒருவனைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை. நாலு பேர் பார்க்க அவன் நிற்கிற கோலத்தைக் கண்குளிரப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் பாலிஷ் போட்டுக்கொண்டு போனார். 'என்ன சகலை, மணலுக்கு ஒரு டாங்கி பத்தலையா?' முதலில் அப்படி வைத்திருந்தார். பிறகு 'பத்தலையா' வேண்டாம், 'ரெண்டு டாங்கியுமே மணலுக்குத்தானா?' என்று மாற்றினார். சொல்லும்போது வண்டியைவிட்டு இறங்க வேண்டுமா, ஜன்னலில் கையை மடித்து வைத்துக்கொண்டே சொல்ல வேண்டுமா என்பதும் யோசனையாக இருந்தது. ஜன்னல்தான் சரி என்று பட்டது.

ஆனால் முதல் நாள் முழுக்க டயர்த் தடம் நேர்கோடாக ஓடியது. அவர்கள் முதல் இரவு தங்கிய இடத்தை வண்டியைவிட்டு இறங்காமலே பார்த்தார். அடுப்பு மூட்டிய கரி இருந்தது, பழத்தோல் கிடந்தது. சிக்கல் ஏதும் வந்த அடையாளம் இல்லை. தடம் அங்கிருந்து ஜோராகக் கிளம்பிப் போயிருந்தது. போய்ச் சேர்ந்துவிடுவான் போலிருக்கிறதே. சேர்ந்துவிட்டால், கடனும் மிச்சம், காசும் போச்சு, இரண்டு பீப்பாயோடு ஊருக்குள் எந்த முகத்தோடு நுழைவது? மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். அந்த ஒன்றும் கேட்காததைத்தான் தாங்க முடியாது. கடவுளே, அவன் கெட்டுப்போகட்டும் என்று வேண்ட வாய் வரை வந்தது. ஒரு மரியாதைக்காக, அவன் டீசல் கெட்டுப்போகட்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டார்.

மறுநாள் மணல் மிருதுவான இடத்தில் வண்டியை நிறுத்தி டயர்க் காற்றைக் குறைக்க இறங்கினார். அப்போதுதான் பார்த்தார். தடத்துக்கு நடுவே, சக்கரம் படாத இடத்தில், கறுப்பாக ஒரு கோடு. சமதரையில் பொட்டுப் பொட்டாக இருந்து, மேடு ஏறுகிற இடத்தில் கனமாகி, இறக்கத்தில் மறுபடி மெலிந்து போயிற்று. குனிந்து மண்ணைக் கிள்ளி மூக்கில் வைத்தார். பிறகு நாக்கில் வைத்தார். ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சியே வளர்ந்த நாக்கு அது, பொய் சொல்லாது. டீசல். பக்கத்துத் தடத்திலும் அதே கோடு. நாலு ஜீப்பும் வழிநெடுக ஒழுகிக்கொண்டே போயிருக்கின்றன.

மணல் குடிக்கும் என்றுதான் அவர் சொன்னார். இப்படி நேராக வாயில் ஊற்றிக் குடிக்கும் என்று அவரும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான், அவருக்கும் அப்போதுதான் பிடிபட்டது. டீசல் இன்ஜின் தனக்கு வேண்டியதைவிட அதிகமாக எண்ணெய் இழுக்கும். எரித்தது போக மிஞ்சியதை ஒரு மெல்லிய குழாய் வழியாக டாங்கிக்கே திருப்பி அனுப்பும். புது டாங்கி வைத்தவன், போகிற குழாய்க்குக் குமிழ் வைத்தான்; திரும்பி வருகிற குழாயைப் பழைய டாங்கியிலேயே விட்டுவிட்டான். பைலட் கிளம்பும்போது இரண்டையும் விளிம்புவரை நிரப்பி, புது டாங்கியை முதலில் திருகியிருக்கிறான். புதுசிலிருந்து இழுத்தது, மிஞ்சியது பழையதில் போய்ச் சேர்ந்தது. அது ஏற்கெனவே நிறைகுடம். வேறு எங்கே போகும்? மூடி வழியாகத் தரைக்குத்தான். அடியில் மல்லாக்கப் படுத்தபோது டின்காரர் கண்ணிலும் அது படவில்லை. பொறாமைக்காரன் கண் சாயத்தோடு நின்றுவிடும்.

வண்டியை எடுத்தபோது அவருக்குப் பாட்டு வந்தது. பாடிக்கொண்டே போனார். கொஞ்ச தூரத்தில் பாட்டு நின்றது. கோடு இத்தனை கனமாக இருந்தால் அவர்கள் எத்தனை தூரம் போயிருக்க முடியும், கையில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு தானாக ஓடியது. இளையவள் முகம் வந்து போயிற்று. அக்காள் வீட்டுக்கு வந்தால், அத்தானுக்கு முதலில் போடு என்று சொல்கிற ஒரே ஜீவன் அவள்தான். டின்காரர் கியரை மாற்றி மிதித்தார். உடனே, அவளுக்கும் போயும் போயும் இவன்தானா கிடைத்தான் என்று நினைத்து மனதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

காய்ந்த ஆற்றுப் படுகையில் நாலு ஜீப்பும் வரிசையாக நின்றன. மூன்று வறண்டுவிட்டன. மிச்சம் மீதியை உறிஞ்சி நாலாவதில் ஊற்றி, யார் திரும்பிப் போய் ஆள் கூட்டி வருவது என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு பல் டாக்டர் இருந்தார், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து. பைலட் நடுவில் நின்றான். கறுப்புக் கண்ணாடி இல்லை, சட்டை வெளியே வந்திருந்தது. கையில் ரப்பர்க் குழாய். துப்பிக்கொண்டே இருந்தான். வாயெல்லாம் டீசல்.

அதைப் பார்த்தபோது டின்காரருக்கு வந்த சுகத்தை இன்னதென்று சொல்ல முடியாது. ஜன்னலில் கையை மடித்து வைத்தார். தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் பைலட் அவரைப் பார்த்துவிட்டான். ஒரு கணம் அவன் முகம் என்னென்னவோ ஆயிற்று. பிறகு சட்டென்று விருந்தாளிகள் பக்கம் திரும்பி, கையை வீசிக் காட்டினான்.

"வந்துட்டாரு பாருங்க. நம்ம பேக்கப் வண்டி. கிளம்பும்போதே ஒரு நாள் தள்ளிப் பின்னால வாங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு வேணும்ல சார்."

நிழலில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். பைலட்டுக்கு. பல் டாக்டர் அவன் தோளில் தட்டி, என்ன முன்யோசனை என்று மெச்சினார்.

பாலிஷ் போட்டு வைத்திருந்த வாக்கியம் டின்காரர் வாயிலேயே செத்தது. சொந்தக் காசில் டீசல் வாங்கி, சொந்த வண்டியில் சுமந்து வந்தால், அந்தக் கைதட்டலையும் இவனே எடுத்துக்கொள்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மானம் மணலோடு போய்விடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பைலட் முதுகைக் காட்டி நின்றான். ஆனால் அவன் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. குழாயைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

டின்காரர் வியாபாரி. எரிகிற வயிற்றோடும் கணக்குப் போடுவார். இவனை இப்போது கவிழ்த்தால் நாளைக்குக் கம்பெனியும் கவிழும். கவிழ்ந்த கம்பெனிக்கு எண்ணெய் வண்டி எதற்கு? கவிழ்ந்தவனுக்குக் கடனைத் திருப்பினால், பாவம் பார்த்துக் கொடுத்ததாகத்தான் ஆகும். அதிலும் இவன்தான் ஜெயிப்பான். அதைவிட, ஏற்பாடு என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஏற்பாடென்றால் சும்மாவா?

கதவைத் திறந்து இறங்கினார்.

"ஆமா சார். சகலைதான் வரச் சொன்னாரு," என்றார் டாக்டரிடம். "பேசின ரேட்டத்தான் இன்னும் வாங்கல."

பைலட் மெதுவாகத் திரும்பினான்.

என்ன ரேட் என்று டாக்டரே கேட்டார். பங்க் விலைக்கு இரட்டிப்பு, சுமந்து வந்த கூலியும் அதில் அடக்கம் என்றார் டின்காரர். டாக்டர் சுற்றிலும் கிடந்த பொட்டலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே கொண்டுவந்து கொடுப்பதற்கு இது மலிவுதான், இனி ஒவ்வொரு பயணத்திலும் இந்த வண்டி பின்னால் வராமல் தன் ஆட்கள் யாரும் கிளம்பமாட்டார்கள் என்று முதலாளியிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். பைலட்டால் மறுக்க முடியவில்லை. ஏற்பாடு செய்த புண்ணியவான் அவன்தானே. தலையை ஆட்டினான்.

டின்காரர் பீப்பாயில் கைப்பம்பைச் செருகி ஒவ்வொரு ஜீப்பாக ஊற்றினார். நாலு விரல் இடம் விட்டு ஊற்றினார். பழைய டாங்கியை முதலில் ஓட்டு, அது பாதி இறங்கிய பிறகு புதுசுக்கு மாற்று, அப்போதுதான் திரும்பி வருகிற எண்ணெய்க்கு இடம் இருக்கும் என்று பைலட்டுக்குச் சொல்லிக் கொடுத்தார். வழியெல்லாம் ஒழுகியிருக்கிறதே, வாடைகூடவா வரவில்லை என்று அவர் கேட்டதற்கு, வந்தது, ஜீப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம் என்றார் டாக்டர். புது டாங்கி தீர்கிறவரை டீசல் முள் மட்டும் நிறைந்தே காட்டியது என்று சந்தோஷப்பட்டார்களாம். அது பழைய டாங்கியின் முள்.

எனக்கு அப்போதே தெரியும், படித்துப் படித்துச் சொன்னேன் என்றார் டின்காரர். அவர் சொன்னது மணலைப் பற்றி. அதை யார் இப்போது நோண்டப்போகிறார்கள்?

பிக்கப்புக்குப் பின்னால் தனியாகக் கிடைத்தபோது பைலட் குரலைத் தாழ்த்தினான்.

"புது டாங்கி காலியானதுமே திரும்பிடலாம்னு தோணுச்சுண்ணே. பழசு நிறைய இருந்துச்சு, ஊர் போய்ச் சேந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் சகலை திரும்பல?"

"நீங்க பங்க் வாசல்லயே நின்னு பல்லக் காட்டுவீங்களே."

டின்காரர் அதை மறுக்கவில்லை. மனைவி கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்து நீட்டினார். அவன் நின்றபடியே தின்றான். டீசல் வாயோடு தின்கிறானே, ருசி தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தது போலத்தான் இருந்தது. பாவி, அந்த வாயோடும் நன்றாகத்தான் சாப்பிட்டான்.

பிறகு பைலட் கம்பெனியின் செலவுப் பையை எடுத்தான். எடுத்தவன் யோசித்து, கடனில் கழித்துக்கொள்ளலாமே அண்ணே, பாதியைக் கையில் தருகிறேன், மீதிப் பாதியைக் கம்பெனியிடம் நான் பேசிக்கொள்கிறேன், எண்ணுகிற வேலை மிச்சம் என்றான்.

"கடன் வேற, எண்ணெய் வேற. எண்ணுங்க."

பைலட் எண்ணினான். ஒரு லட்சம். டின்காரர் வாங்கி, பாதியைப் பிரித்துச் சட்டைப்பையில் வைத்தார். மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜீப் நிழலில் விருந்தாளிகள் இருக்கிற பக்கமாக நடந்தார். பைலட் பின்னாலேயே வந்தான்.

"வீட்டுக்கு வந்து குடுக்கலாம்ல அண்ணே."

"வீட்டுல குடுத்தா நீங்க எண்ண மாட்டீங்க. நீட்டுங்க கைய."

பல் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். பைலட் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். மெத்தென்ற கை. ஒரு காய்ப்பு இல்லை, ஒரு வெட்டு இல்லை. இத்தனை நடந்தும் விரலில் மோதிரம் மட்டும் மின்னிக்கொண்டு இருந்தது. எப்படித்தான் இவனுக்கு மட்டும் எல்லாம் இப்படி அமைகிறதோ என்று டின்காரருக்கு அடிவயிற்றில் பழையபடி சுரீர் என்றது. எச்சிலைத் தொட்டு முதல் நோட்டைப் பிரித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று என்று சொல்லி, அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தார். பிறகு இரண்டு. பிறகு மூன்று. கடைசி நோட்டு போய்ச் சேரும்வரை அவனை விரலை மடக்க விடவில்லை.